ஹெட்லைட்டுக்குள் இருக்கும் சின்ன பல்பை நீங்களே மாற்றுவது எப்படி?

இருட்டில் பார்த்தால் காரின் ஒரு பக்கத்தில் வெள்ளை வளையம் மின்னுகிறது, மறுபக்கம் வெறும் கறுப்பு. ஹெட்லைட் இரண்டும் நன்றாகத்தான் எரிகின்றன. ஆனாலும் பார்ப்பவர் கண் எரியாத மூலைக்குத்தான் போகும். அந்த மூலையில் இருக்கும் சின்ன பல்பை மாற்றுவது எப்படி, மாற்றும்போதே கொஞ்சம் நல்லதாகப் போட்டுக்கொள்வது எப்படி என்று இதுவரை பானெட்டைத் திறந்தே பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்பைக் கழற்றி மாட்டுவது பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. அது எந்த பல்பு, எங்கே உட்கார்ந்திருக்கிறது, வாங்கப்போகும் புது பல்பு அந்த இடத்துக்கு ஒத்துப்போகுமா என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி நாள் போகும். அந்தப் பாதி நாளை மிச்சம் பிடிக்க நினைத்து நேராகக் கடைக்கு ஓடியவர்கள் மூன்று முறை ஓட வேண்டியிருக்கும். நானும் ஓடியிருக்கிறேன்.

எரிவது எது?

ஹெட்லைட் என்பது ஒரு விளக்கு அல்ல, ஒரு விளக்குக் குடும்பம். லோ பீம், ஹை பீம் இருக்கும். பல கார்களில் இண்டிகேட்டரும் அங்கேயே இருக்கும். இவற்றின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும் கடைக்குட்டிதான் நம் பல்பு: பார்க்கிங் லைட், அல்லது பகலிலும் எரிந்துகொண்டிருக்கும் பகல் விளக்கு. சாலையைக் காட்டுவது அதன் வேலை இல்லை. இங்கே ஒரு கார் இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியவைப்பதும், காரின் முகத்துக்குக் கொஞ்சம் களை கொடுப்பதும்தான் அதன் வேலை.

பார்க்கிங் லைட்டாக அதிகம் காணப்படுவது டபிள்யூ5டபிள்யூ என்ற வகை. இதையே டி10 என்றும், 501 என்றும் கேட்டு வாங்குவார்கள். 194, 168 என்ற எண்களில் விற்பவையும் இதே அடி அளவுதான். உலோக அடிப்பாகம் கிடையாது. கண்ணாடியே அடியில் தட்டையாகி, இரண்டு மெல்லிய கம்பிகள் இரு பக்கமும் மடிந்து நிற்கும். 12 வோல்ட், 5 வாட், சுமார் 50 லூமென் வெளிச்சம். பழைய கார்கள் சிலவற்றில் உலோக அடியும் இரண்டு சிறு முளைகளும் கொண்ட டி4டபிள்யூ இருக்கும். இதற்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு: எச்6டபிள்யூ. பார்வைக்கு அதே போலத்தான், ஆனால் முளைகள் நேரெதிராக இல்லாமல் சற்று விலகி நிற்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. அழுத்தினால் ஹோல்டர்தான் உடையும்.

பகல் விளக்கு பல்பாக இருந்தால் பி21டபிள்யூ போன்ற 21 வாட் ரகமாக இருக்கலாம். பி21/5டபிள்யூ என்றால் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் (சூடேறி ஒளிரும் கம்பிச் சுருள்கள்): பகலில் 21 வாட் இழை, இரவில் பார்க்கிங் விளக்காக 5 வாட் இழை. 'பகலில் எரியவில்லை, ராத்திரி மட்டும் எரிகிறது' என்று யாராவது குழம்பினால், இதில் ஒரு இழை மட்டும் போயிருக்கிறது என்பதே பெரும்பாலும் விடை.

அப்புறம் அந்த வளையம். 2000ஆம் ஆண்டில் பிஎம்டபிள்யூவின் ஈ39 ரக 5 சீரிஸ் காரில் வந்து பிரபலமானது இந்த வடிவம். அதைப் பார்த்து வளையம் முழுக்க ஏதோ டியூப் எரிகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். அங்கே வளையம் எரிவதே இல்லை. ஓரிடத்தில் ஒரு பல்பு இருக்கும். அதன் வெளிச்சம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் புகுந்து, உள்ளுக்குள்ளேயே மோதி மோதி வளையம் முழுக்கச் சுற்றிவரும். அதனால் ஒரு பல்பு போனால் வளையத்தின் பாதியோ முழுதோ ஒரே அடியாக இருண்டுவிடும். அதே நிறுவனத்தின் பிந்தைய சில மாடல்களில் வளையத்துக்கு 35 வாட் எச்8 பல்பே போட்டிருக்கிறார்கள். வளையத்துக்குள் போய்ச் சேரும் வழியில் வீணாகும் வெளிச்சம் அவ்வளவு.

கடைசி வகை, எல்இடி பட்டைகள். இங்கே மாற்ற பல்பே கிடையாது. ஹெட்லைட்டோடு சேர்த்து மூடப்பட்டிருக்கும். கெட்டுப்போவது எல்இடியாகவும் இருக்கலாம், அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் என்ற சிறு பெட்டியாகவும் இருக்கலாம். அந்தப் பெட்டி சில கார்களில் வெளியிலேயே திருகி வைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் ஹெட்லைட்டைச் சூடாக்கி, ஒட்டுப்பசையை இளக்கிப் பிரிக்க வேண்டும். முதல் வேலையாக அதில் கை வைக்க வேண்டாம். சரியாக மீண்டும் ஒட்டாவிட்டால் ஒரு வளையத்தைக் காப்பாற்றப் போய் ஹெட்லைட்டையே இழக்க நேரும்.

உங்களுடையது எது என்று அறிய, காரோடு வந்த கையேட்டின் பின்பகுதியில் பல்பு அட்டவணை இருக்கும். பழைய கார் வாங்கியவர்கள் அதை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு வைத்திருந்தவர் எதை மாட்டினாரோ யார் கண்டது. கழற்றி, பல்பின் அடியில் பொறித்திருக்கும் எழுத்தைப் படிப்பதுதான் உறுதி.

பியூஸ் போனது பல்பா, பியூஸேவா?

பல்பு எரியாவிட்டால் 'பியூஸ் போயிடுச்சு' என்பது நம் வழக்கம். காரில் அந்தச் சொல் குழப்பிவிடும், ஏனென்றால் நிஜமான பியூஸும் அங்கே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பையோ அதன் ஹோல்டரையோ சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்தால் பியூஸ் பெட்டியைத் திறங்கள். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பியூஸ் வைத்த கார்களும் உண்டு என்பதால் முதல் விதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பல்பைக் கழற்றிய பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை அறுந்திருந்தால் தெரியும். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் இழையின் டங்ஸ்டன் ஆவியாகிப் படிந்திருக்கிறது. வயதாகிப் போன பல்பு அது. பால் போல வெளுத்திருந்தால் எங்கோ விரிசல் விட்டுக் காற்று உள்ளே போயிருக்கிறது. இழை முழுதாக இருந்தும் எரியவில்லையா? நன்றாக எரியும் மறுபக்கத்து பல்பை எடுத்து இங்கே போட்டுப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது, மல்டிமீட்டரும் வேண்டாம். நல்ல பல்பும் இங்கே எரியவில்லை என்றால் கோளாறு ஹோல்டரிலோ வயரிலோ எர்த் இணைப்பிலோ இருக்கிறது. ஹோல்டரின் பித்தளைத் தகடுகளில் பச்சை பூத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பல நேரம் உயிர் வந்துவிடும். பிளாஸ்டிக் உருகியிருந்தால் ஹோல்டரையே மாற்ற வேண்டும். அப்படி உருகியிருந்தால் யாரோ அதிக வாட் பல்பு போட்டிருக்கிறார்கள் என்றும் யூகிக்கலாம்.

கழற்றுவது

இன்ஜினை நிறுத்துங்கள், சாவியை எடுத்துவிடுங்கள், விளக்கு சுவிட்சை அணையுங்கள். இப்போதுதான் ஓட்டிவிட்டு வந்தீர்கள் என்றால் கொஞ்ச நேரம் ஆற விடுங்கள். ஹெட்லைட் செனான் வகையாக இருந்தால் அதன் வயர்களின் பக்கமே போகாதீர்கள். அது எரியத் தொடங்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும்.

பானெட்டைத் திறந்து ஹெட்லைட்டின் முதுகைப் பாருங்கள். பெரிய ரப்பர் மூடியோ திருகிக் கழற்றும் பிளாஸ்டிக் மூடியோ இருக்கும். அதற்குள்ளேயோ பக்கத்திலேயோ சின்ன ஹோல்டர் ஒன்று, இரண்டு வயர்களோடு. கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனின் கேமராவை உள்ளே நீட்டிப் படம் எடுங்கள். ஹெட்லைட்டின் முதுகைப் பார்க்க இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது. கழற்றும் முன் எடுத்த படம், திரும்ப மாட்டும்போதும் உதவும்.

சில கார்களில் கை நுழையவே இடம் இருக்காது. பேட்டரியையோ காற்று வடிகட்டிப் பெட்டியையோ நகர்த்த வேண்டிவரும். சிலவற்றில் சக்கரத்தை முழுதாகத் திருப்பி, சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மறைப்பின் கிளிப்புகளை எடுத்து, அந்த வழியாகக் கை விட வேண்டும். இன்னும் சிலவற்றில் ஹெட்லைட் முழுதையும் வெளியே எடுத்தே ஆக வேண்டும்; அதற்கு முன்பக்க பம்பரைத் தளர்த்த வேண்டும். கையேட்டில் பம்பர் என்ற சொல் வந்தால் உதவிக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள். தனியாகச் செய்தால் பெயின்ட்டில் கீறல் விழும்.

ஹோல்டரைப் பிடித்து, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகக் கால் சுற்று. வெளியே வரும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, ஹோல்டரின் உடலைத்தான் பிடிக்க வேண்டும். டபிள்யூ5டபிள்யூ பல்பை நேராக இழுத்தால் வந்துவிடும். முளை வைத்த பல்பை லேசாக அழுத்தித் திருப்பி எடுக்க வேண்டும். பழைய பல்பு ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தால் ஒரு துணியைச் சுற்றிப் பிடியுங்கள். விரலில் உடையும் கண்ணாடி இது.

மேம்படுத்தலாமா, அதே போடலாமா?

அதே வகை சாதாரண பல்பைப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொல்லையே இல்லாத வழி அதுதான். ஆனால் ஒன்று, 'அதிக வெளிச்சம்' என்று விற்கும் இழை பல்புகள் சீக்கிரம் போகும். இழையைக் கூடுதல் சூட்டில் எரியவிட்டுத்தான் அந்த வெளிச்சம் வருகிறது. மின்னழுத்தம் வெறும் 5 சதவீதம் கூடினாலே இழையின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும்; அவ்வளவு மென்மையான கணக்கு அது. அதிக வாட் பல்பு போட்டு வெளிச்சம் கூட்டுவதை நினைக்கவே வேண்டாம். அந்த வயரும் ஹோல்டரும் 5 வாட்டுக்கு அளந்து செய்தவை.

எல்இடிக்கு மாற வேண்டும் என்றால் முதலில் சட்டத்தைப் பாருங்கள். இழை பல்புக்கென்று அங்கீகாரம் பெற்ற ஹெட்லைட்டில் எல்இடி போடுவதைப் பல நாடுகள் ஏற்பதில்லை. முன்பக்கத்தில் சிவப்பும் நீலமும் அவசர ஊர்திகளுக்கென்று ஒதுக்கியிருப்பதும் பல இடங்களில் வழக்கம். உங்கள் ஊர் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எல்இடி வாங்குபவர்கள் எல்லோரும் வெளிச்ச அளவைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்பதை. இழை எல்லாத் திசையிலும் ஒளியைக் கொட்டும். எல்இடி சில்லு தான் பார்த்திருக்கும் திசையில் மட்டும் கொட்டும். உங்கள் பல்பு கிண்ணம் போன்ற பிரதிபலிப்பானுக்குள் உட்கார்ந்திருந்தால், சுற்றிலும் பக்கவாட்டில் சில்லுகள் உள்ள எல்இடி வேண்டும். நுனியில் மட்டும் சில்லு இருந்தால் கிண்ணம் இருண்டு, நடுவில் ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று எரியும். வளையத்துக்குள் ஒளியைச் செலுத்தும் பல்பு என்றால் நிலைமை தலைகீழ்: அங்கே பல்பின் எந்தப் பக்கம் வளையத்தின் வாயைப் பார்க்கிறதோ, அந்தப் பக்கம்தான் சில்லு வேண்டும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் லூமென் எண்ணைவிட இந்த ஒரு பொருத்தம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது.

நிறம் அடுத்தது. அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். பழைய இழை பல்பு 3,000 கெல்வினுக்குச் சற்றுக் கீழே, இளமஞ்சளாக எரியும். ஹெட்லைட் ஹாலஜன் என்றால் அதன் பக்கத்தில் 4,300 கெல்வின் எல்இடி உறுத்தாமல் சேரும். 5,000 முதல் 6,000 வரை சுத்த வெள்ளை. 8,000 என்று எழுதியதை வாங்கினால் நீலம் அடிக்கும், வெளிச்சமும் மங்கும். இது என் ரசனை மட்டுமல்ல, மேலே சொன்ன சட்டச் சிக்கலும் அதில்தான் தொடங்குகிறது.

அளவையும் பாருங்கள். எல்இடி பல்பு பெரும்பாலும் பழையதைவிடத் தடிமனாகவோ நீளமாகவோ இருக்கும். ஹோல்டரில் மாட்டிய பிறகு ஹெட்லைட்டின் ஓட்டைக்குள் நுழையுமா என்று, திருகாமல் சும்மா வைத்துப் பார்த்துவிடுங்கள். சூடு விஷயத்தில், எல்இடி முன்னால் சூட்டைக் கொட்டாது, அதன் சூடெல்லாம் அடிப்பக்கம் போகும். மூடிய சின்ன இடத்துக்குள் மிகப் பிரகாசமான எல்இடியை அடைத்தால் சில மாதங்களில் ஒவ்வொரு சில்லாகச் சிமிட்டத் தொடங்கும். மிதமான வெளிச்சம் உள்ளதே நெடுநாள் வரும்.

மறக்காமல் இரண்டாக வாங்குங்கள். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் நிறம் ஒத்துப்போகாது. தவிர, இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. ஒன்று போனால் மற்றதும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்.

டாஷ்போர்டில் வரும் எச்சரிக்கை

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 5 வாட் பல்பு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். அதே இடத்தில் 1 வாட் எல்இடி 0.1 ஆம்பியர்கூட எடுக்காது. பல்பு எரிகிறதா என்று கண்காணிக்கும் கார், இவ்வளவு குறைவாக மின்சாரம் போவதைப் பார்த்து பல்பு போய்விட்டது என்று முடிவுகட்டும். எல்இடி ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கும், டாஷ்போர்டில் எச்சரிக்கையும் எரிந்துகொண்டிருக்கும். சில கார்கள் அத்தோடு நிற்காமல் அந்தப் பக்கத்து மின்சாரத்தையே நிறுத்திவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விளக்கு அணைந்திருக்கும்போதே கார் அவ்வப்போது சிறு மின்துடிப்பு அனுப்பி பல்பைச் சோதிக்கும். இழைக்கு அது சூடேறக்கூடப் போதாது. எல்இடிக்கு அதுவே போதும், பேய் போல மினுக் மினுக்கென்று எரியும்.

'கேன்பஸ்' என்று எழுதி விற்கும் எல்இடிகள் இதற்காகத்தான். பெரும்பாலும் உள்ளே ஒரு ரெசிஸ்டரை வைத்து, கூடுதல் மின்சாரத்தை வேண்டுமென்றே எரித்து, காரை ஏமாற்றுகின்றன. எல்லாக் காரும் ஏமாறாது. தனியாக ரெசிஸ்டர் வாங்கி வயரில் இணைப்பது இன்னொரு வழி. 21 வாட் பல்பு இடத்துக்கு 6 ஓம் ரெசிஸ்டர் போடுவார்கள். இன்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட்டில் அது 30 வாட் சூட்டைக் கக்கும். கை வைத்தால் கொப்பளிக்கும். வயர்க் கட்டிலோ பிளாஸ்டிக்கிலோ அதைக் கட்டிவைக்கக் கூடாது, உலோகத்தில் திருகி வைக்க வேண்டும். நாள் முழுக்க எரியும் பகல் விளக்குக்கு இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சில கார்களில், காரின் கம்ப்யூட்டரோடு பேசிக் கோளாறைக் கண்டறியும் கருவி வைத்து அந்தக் கண்காணிப்பையே நிறுத்திவிடலாம், அது சுத்தமான வழி. அதுவும் முடியாதென்றால் சாதாரண பல்புக்கே திரும்பிவிடுவது நல்லது.

மாட்டுவது, அப்புறம் விழாமல் பார்த்துக்கொள்வது

குவார்ட்ஸ் கண்ணாடி உள்ள ஹாலஜன் பல்பு, எச்8 போன்றவை என்றால், கண்ணாடியில் விரல் படக்கூடாது. தோலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

எல்இடியை ஹோல்டரில் அழுத்தியதும், ஹெட்லைட்டுக்குள் போடும் முன்பே சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். எரியவில்லையா, பதற வேண்டாம். இழைக்குத் திசை கிடையாது, எல்இடிக்கு உண்டு. பிடுங்கி, பாதிச் சுற்று திருப்பி மாட்டினால் எரியும். அப்படியும் எரியவில்லை என்றால் அடியில் உள்ள மெல்லிய கம்பிகளைக் கொஞ்சம் வெளிப்பக்கம் வளைத்து, தகட்டில் படும்படி செய்யுங்கள்.

பிடிப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று ஹோல்டரைக் கவிழ்த்து ஆட்டிப் பாருங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. என் முதல் எல்இடி, ஹோல்டரைத் திருகும்போதே கழன்று ஹெட்லைட்டுக்குள் விழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அடியில் ஜம்மென்று படுத்திருக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை. காந்தம் ஒட்டவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, நீளமான பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி, மனைவி முன்னால் நின்று டார்ச் அடித்து 'இடதுபக்கம், இன்னும் கொஞ்சம்' என்று சொல்லச் சொல்ல, ஒருவழியாக ஒட்டி வெளியே வந்தது. உங்களுக்கும் விழுந்தால் குலுக்காதீர்கள். உலோகக் குச்சியும் வேண்டாம். பிரதிபலிப்பானின் வெள்ளிப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அது அழியாது.

எரிந்தது என்றால் விளக்கை அணைத்து, ஹோல்டரை உள்ளே வைத்து, கால் சுற்று வலப்பக்கம் திருகுங்கள். 'டக்' என்று உட்காரும். ரப்பர் மூடியைச் சுற்றிலும் விரலால் அழுத்திப் பொருத்துங்கள். அவசரத்தில் இதைப் பாதியில் விட்டால் ஈரமும் தூசியும் உள்ளே போய், சில நாளில் ஹெட்லைட்டின் உட்புறம் ஆவி பிடித்தது போல மங்கிவிடும்.

இருட்டியதும் ஒரு சுவருக்கு முன்னால் காரை நிறுத்தி, ஏழெட்டு அடி தள்ளி நின்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஒரு முறை, நிறுத்தி ஒரு முறை. லோ பீம், ஹை பீம், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒரு சுற்று போட்டுவிடுங்கள். கை நுழைக்கும்போது பக்கத்து கனெக்டர் ஒன்று கழன்றிருப்பது சாதாரணம். கழற்றிய இரண்டில் நன்றாக இருந்த பழைய பல்பைத் தூக்கிப் போடாதீர்கள். டிஷ்யூவில் சுற்றி டாஷ்போர்டு டிராயரில் போட்டு வையுங்கள். எல்இடி காலை வாரும் ராத்திரியில் அதுதான் கைகொடுக்கும்.